பேச்சு தெளிவாகக் கேட்க: பெரிய சென்டர் ஸ்பீக்கரை நாமே செய்வது எப்படி

சண்டைக் காட்சியில் வால்யூமைக் குறைப்பதும், யாராவது பேச ஆரம்பித்ததும் கூட்டுவதுமாக ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு படம் பார்க்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. சப்வூஃபர் பெரிதாக இருக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல்கூட அதிரும். திரையில் இருப்பவர் என்ன சொன்னார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒலியில் பேச்சின் பெரும்பகுதி போவது நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்கு. செட்டாக வாங்கும் ஹோம் தியேட்டரில் பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே சின்னது.

அந்த ஒன்றை மட்டும் பெரிதாக, நாமே செய்து மாற்றுவது பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஏவி ரிசீவரோ (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), சென்னை ரிச்சி தெருவில் உதிரி வாங்கி அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயரோ ஏற்கனவே இருக்கிறது, இடது வலது ஸ்பீக்கர்களும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும். மரவேலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தச்சரிடம் சரியான அளவைச் சொல்லத் தெரிய வேண்டும்.

பெரிது என்றதும் பேஸ் (அடி ஒலி) என்று நினைக்க வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ரிசீவர் சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகே தொடங்குகிறது. மூன்று அங்குல ஸ்பீக்கர் போட்ட சின்ன சென்டரால் அந்த இடத்தில் சத்தம் போட முடியாது. அதனால் ரிசீவரில் அதன் எல்லையை 150, 200 ஹெர்ட்ஸ் என்று ஏற்றி வைக்கிறோம். விளைவு, குரலின் அடிப்பாகம் மூலையில் கிடக்கும் சப்வூஃபரிலிருந்து வருகிறது, மேல்பாகம் டிவிக்குக் கீழிருந்து வருகிறது. ஒரு மனிதர் இரண்டு இடத்திலிருந்து பேசுகிறார். பெரிய பாக்ஸ், பெரிய வூஃபர் (அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) என்றால் குரல் முழுசாக ஒரே இடத்திலிருந்து வரும், சத்தமாக வைத்தாலும் திணறாது. பெரிதாகச் செய்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆடி மாதம் அம்மன் கோவில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கரைக் கவனித்திருப்பீர்கள். அதில் பேஸும் கிடையாது, மேல் சுருதியும் கிடையாது. ஆனாலும் நாலு தெரு தள்ளி நிற்பவருக்கு அறிவிப்பு புரிந்துவிடும். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது, அதில் குடும்பம் நடத்தினோம். பேச்சு புரிவது இந்த நடுப்பட்டையில்தான். சென்டர் ஸ்பீக்கர் வடிவமைப்பு என்பது இந்தப் பட்டையை எந்த இருக்கையிலும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

முதலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள்

பலகை வாங்குவதற்கு முன் டேப் எடுங்கள். வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ, ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். டிவியிலிருந்து சோபா எவ்வளவு தூரம், சோபாவின் ஓர இருக்கை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி எங்கே விழும், பாய் போட்டு உட்காருபவர்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டடி தூரத்தில் இரண்டேகால் அடி விலகினால் கோணம் 16 டிகிரிக்குப் பக்கம் வரும். ஆறடி தூரத்தில் மூன்றரை அடி விலகிய நாற்காலி 30 டிகிரி. நம் வீடுகளில் நடுவில் உட்காருபவர் ஒருவர், ஓரத்தில் உட்காருபவர்கள் நாலு பேர்.

இப்போது கடையில் விற்கும் சென்டர் ஸ்பீக்கரின் முகத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு வூஃபர், நடுவில் ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்), வலப்பக்கம் ஒரு வூஃபர். பார்க்க அழகு, டிவிக்குக் கீழே பாந்தமாக அடங்கும். ஆனால் இரண்டு வூஃபர்களும் ஒரே பேச்சைச் சேர்ந்து பேசுகின்றன. நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பிந்துகிற தூரம் அலைநீளத்தில் பாதியாக அமைகிற அதிர்வெண்ணில் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டு, நடுவில் ட்வீட்டர் என்றால் வூஃபர் மையத்திலிருந்து மையம் சுமார் 290 மி.மீ. 20 டிகிரி ஓரத்தில் இருப்பவருக்குப் பாதை வித்தியாசம் 290-ஐ 0.342-ஆல் பெருக்கினால் 99 மி.மீ. அது பாதி அலைநீளம், முழு அலைநீளம் 198 மி.மீ. நம் ஊர் 30 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். வகுத்தால் 1760 ஹெர்ட்ஸ். 30 டிகிரி நாற்காலிக்கு அது 1200 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். மெய்யெழுத்துகளைக் காது பிரித்துப் பார்க்கிற இடத்தில் பள்ளம். எவ்வளவு விலையுயர்ந்த வூஃபர் போட்டாலும் இந்தப் பள்ளம் போகாது, ஏனென்றால் இது தரத்தின் குறை இல்லை, வைத்த இடத்தின் குறை.

இதற்கு வழி, நடுவில் ஒரு மிட் ஸ்பீக்கரையும் (நடுப்பட்டைக்கானது) ட்வீட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. வூஃபர்கள் இரண்டு பக்கமும் இருக்கட்டும், ஆனால் 400 ஹெர்ட்ஸோடு அவற்றின் வேலை முடிந்துவிட வேண்டும். பேச்சின் முக்கியமான பகுதி முழுவதும் ஒற்றை மிட்டிலிருந்தும் அதன் தலைமேல் இருக்கும் ட்வீட்டரிலிருந்தும் வரும். பக்கவாட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இரண்டுக்கும் தூர வித்தியாசம் வராது.

உங்கள் இடது வலது ஸ்பீக்கர் போலவே மூன்றாவது ஒன்று கிடைத்து, அதை நிமிர்த்தி நடுவில் வைக்க இடமும் இருந்தால் இதெல்லாம் எதுவுமே வேண்டாம், அதுதான் எல்லாவற்றிலும் மேல். புரொஜெக்டரும் துளையிட்ட திரையும் வைத்திருப்பவர்கள் அதைச் செய்யலாம். டிவி வைத்திருப்பவர்கள் மேலே படியுங்கள்.

ஸ்பீக்கர்கள் தேர்வு

தேவைப்படுவது ஆறரை அங்குல வூஃபர் இரண்டு, நாலு அங்குல மிட் ஒன்று, ஒரு அங்குல டோம் ட்வீட்டர் ஒன்று. பீர்லெஸ், எஸ்பி அகூஸ்டிக்ஸ், டேட்டன் ஆடியோ போன்றவற்றுக்கு முழு டேட்டாஷீட் உண்டு. மூர் மார்க்கெட்டில் பழைய செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கும், சில சமயம் நல்லதாகவும் இருக்கும். ஆனால் எண்கள் இல்லாத ஸ்பீக்கருக்குப் பாக்ஸ் கணக்குப் போட முடியாது. முதல் முறை செய்பவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வூஃபருக்கு மூன்று எண்களைப் பாருங்கள்: எஃப்எஸ் (Fs, கோன் தானாக அதிரும் அதிர்வெண்), கியூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), விஏஎஸ் (Vas, கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு). நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர் பெயரால் இவற்றைத் தீல்-ஸ்மால் அளவுகள் என்பார்கள். நாம் செய்யப்போவது காற்றுப் போகாத மூடிய பாக்ஸ், அதற்குக் கியூடிஎஸ் 0.35 முதல் 0.5 வரை இருந்தால் வசதி. ஓட்டை வைத்த பாக்ஸ் சென்டருக்குத் தேவையே இல்லை. அது கூடுதலாகத் தரும் ஆழத்தை எப்படியும் சப்வூஃபருக்குத்தான் அனுப்பப்போகிறோம்.

கணக்கு இது. 0.707-ஐக் கியூடிஎஸ்ஸால் வகுத்து, அதன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழியுங்கள். வந்த எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் ஒரு வூஃபருக்குத் தேவையான லிட்டர். உதாரணமாக எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.40, விஏஎஸ் 25 லிட்டர் என்றால் 11.8 லிட்டர் வரும். அந்தப் பாக்ஸில் வூஃபர் 71 ஹெர்ட்ஸ் வரை தாக்குப்பிடிக்கும். 80 ஹெர்ட்ஸில் சப்வூஃபரோடு சேர்க்க அது போதும்.

ஓம் கணக்கை இப்போதே முடித்துவிடுங்கள். எட்டு ஓம் வூஃபர் இரண்டைப் பேரலலாகக் கொடுத்தால் நாலு ஓம் ஆகும், சத்தம் 6 டெசிபல் கூடும். டேட்டாஷீட்டில் ஒன்று 87 டெசிபல் என்றால் சேர்ந்து 93. பாக்ஸின் முகம் சின்னது என்பதால் அடி அதிர்வெண்கள் பின்பக்கமும் சுற்றிப் போய்விடும், அதில் நாலைந்து டெசிபல் போகும். மிச்சம் 88. ஆகவே மிட்டும் 88-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ட்வீட்டர் அதிகமாக இருந்தால் கவலையில்லை, ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். ரிசீவரின் முதுகில் குறைந்தபட்சம் 6 ஓம் என்று எழுதியிருந்தால் பேரலல் வேண்டாம். நாலு ஓம் வூஃபர் இரண்டு வாங்கி சீரிஸில் கொடுங்கள், எட்டு ஓம் வரும். சத்தம் கொஞ்சம் குறையும், ரிசீவர் சூடாகாது. அப்போது மிட்டையும் ட்வீட்டரையும் அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

ட்வீட்டரின் எஃப்எஸ் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கட்டும், சுற்று விளிம்பு சின்னதாக இருக்கட்டும். மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் மைய தூரம் குறையக் குறைய நல்லது. இடது வலது ஸ்பீக்கரில் என்ன ட்வீட்டர் இருக்கிறதோ அதையே வாங்க முடிந்தால் வேறு யோசனையே வேண்டாம், குரல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகரும்போது நிறம் மாறாது.

பாக்ஸ்

மேலே சொன்ன உதாரண வூஃபருக்கு ஏற்ற அளவுகளைத் தருகிறேன். உங்கள் ஸ்பீக்கருக்கு லிட்டர் மாறினால் ஆழத்தை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், முகம் அப்படியே இருக்கட்டும்.

வெளி அளவு அகலம் 640, உயரம் 270, ஆழம் 278 மி.மீ. பலகை 18 மி.மீ., முன்பலகை மட்டும் இரண்டு அடுக்கு. உள்ளே அகலம் 604, உயரம் 234, ஆழம் 224. நடுவில் இரண்டு தடுப்புப் பலகைகள் நிற்கும், அவற்றுக்கிடையே 124 மி.மீ. இடைவெளி. இதனால் பாக்ஸ் மூன்று அறையாகிறது. பக்கத்து அறை ஒவ்வொன்றும் 222 மி.மீ. அகலம், 11.6 லிட்டர். வூஃபரின் காந்தமும் சட்டமும் முக்கால் லிட்டர் வரை தின்னும், உள்ளே அடைக்கும் பஞ்சு அதை ஈடுகட்டிவிடும். நடு அறையில் முன்பக்கம் 120 மி.மீ. ஆழத்தில் ஒரு குறுக்குப் பலகை வையுங்கள். அதற்கு முன்னால் மூன்றரை லிட்டர், மிட்டும் ட்வீட்டரும் அங்கே. பின்னால் 86 மி.மீ. ஆழத்தில் ஒரு பெட்டி கிடைக்கும், கிராஸ்ஓவர் (ஒலியை அதிர்வெண்ணால் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று) அதற்குள். பின்பலகையில் அந்த இடத்துக்கு மட்டும் திருகில் கழற்றும் மூடி. இது முக்கியம். கிராஸ்ஓவரைப் பலமுறை மாற்றப்போகிறீர்கள், ஒவ்வொரு முறையும் வூஃபரைக் கழற்றினால் திருகு ஓட்டை தளர்ந்துவிடும்.

மிட்டுக்குத் தனி அறை ஏன் என்றால், வூஃபர் அடிக்கும் காற்று மிட்டின் கோனைப் பின்னாலிருந்து தள்ளும். அந்த இரண்டு தடுப்புகளும் மேல் கீழ்ப் பலகைகளைப் பிடித்துக்கொள்வதால் பாக்ஸுக்குத் தனியாகப் பிரேஸ் கட்டும் வேலையும் மிச்சம்.

முகத்தில் ஓட்டைகளின் மையம்: வூஃபர்கள் இரண்டும் ஓரத்திலிருந்து 129 மி.மீ., உயரத்தில் நட்டநடு. ட்வீட்டர் மேல் விளிம்பிலிருந்து 70, மிட் 186. மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் மைய தூரம் 116 மி.மீ. வூஃபர்களுக்கு இடையே 382. இந்த 382-க்கு முன்போல 30 டிகிரி கணக்குப் போட்டால் பள்ளம் 900 ஹெர்ட்ஸில் விழ வேண்டும். அங்கே போவதற்குள் வூஃபர் அடங்கிவிட்டிருக்கும் என்பதால் அது காதுக்குத் தெரியாது.

பலகை எது? எல்லோரும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்பார்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்காற்று படும் இடங்களில் நான் எம்டிஎஃப் சொல்ல மாட்டேன். வெட்டிய விளிம்பு ஈரத்தைக் குடித்தால் உப்பிவிடும், உப்பியது மறுபடி இறங்காது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் தேவைப்படுவது எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதிதான். வால்டாக்ஸ் ரோட்டில் மரக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் பொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது, அந்த ஷீட் பின்னால் கிடுகிடுக்கும்.

தச்சரிடம் கொடுக்கும் பட்டியல்: 640-க்கு 270 மூன்று (முன் இரண்டு, பின் ஒன்று), 640-க்கு 224 இரண்டு, 234-க்கு 224 நாலு, 234-க்கு 124 ஒன்று. எல்லாம் மி.மீ. தச்சர்கள் அங்குலமும் நூலும்தான் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) பேசுவார்கள். "இதென்ன தம்பி, ஒம்பது இஞ்சுக்கு ஒரு நூல் கொறச்சலா?" என்று கேட்டுவிட்டு வசதியாக ஒன்பது அங்குலமாகவே வெட்டிவிட வாய்ப்புண்டு. மி.மீ. டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். 224 வர வேண்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ரம்பத்தின் வேலியை நகர்த்தாமல் ஒரே செட்டிங்கில் பட்டையாகக் கிழிக்கச் சொல்லுங்கள். 224 கொஞ்சம் பிசகி 225 ஆனாலும் குற்றமில்லை, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் மாறினால் அங்கே காற்று போகும்.

வட்டங்களை ஜிக்சாவில் வெட்டலாம், சிஎன்சி கடையில் வரைபடம் கொடுத்தால் இன்னும் சுத்தமாக வரும். ஸ்பீக்கரின் விளிம்பு முகத்தோடு சமமாக உட்கார வேண்டும், ட்வீட்டருக்கு இது கட்டாயம். வழக்கமாக இதற்கு ரவுட்டர் (மரத்தில் பள்ளம் செதுக்கும் மெஷின்) வேண்டும். இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. விளிம்பின் கனம் 4 மி.மீ. என்றால் 4 மி.மீ. பிளைவுட்டில் விளிம்பின் முழு விட்டத்துக்கு வட்டம் வெட்டி, அதை முகத்தின்மேல் ஒட்டிவிடுங்கள். பள்ளம் தானாகக் கிடைத்துவிடும். முகம் 36 மி.மீ. தடிமன் என்பதால் மிட்டின் ஓட்டையை உள்பக்கமாக 45 டிகிரி சரித்துச் செதுக்க வேண்டும். செதுக்காவிட்டால் நாலு அங்குல ஸ்பீக்கர் குழாய்க்குள்ளிருந்து மூச்சுவிடுவது போல ஆகும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் மரைன். திருகு போட்டு இறுக்கி ஒருநாள் விடுங்கள். உள் மூலைகள் எல்லாவற்றிலும் பசையை விரலால் இழுத்துத் தடவுங்கள். ஒயர் தடுப்பைத் தாண்டும் ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். பெட்டிக்குள் தலையணைக்கு அடைக்கும் ரெக்ரான் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் போதும், திணிக்க வேண்டாம். வூஃபரை மாட்டியபின் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் அறை காற்றுப்புகாமல் இருக்கிறது. வெடுக்கென்று வந்தால் எங்கேயோ கசிவு.

பெயின்ட், மைக்கா எது வேண்டுமானாலும் போடுங்கள், முகம் மட்டும் பளபளக்காத கறுப்பாக இருக்கட்டும், பளபளத்தால் டிவி வெளிச்சம் அதில் தெறிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள், ஈரத்தில் வெளுத்துப்போகும்.

கிராஸ்ஓவர்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ரெடிமேட் மூன்று-வழி கிராஸ்ஓவர் போர்டு கடையில் தொங்கும், அதை வாங்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கரும் பாக்ஸும் அதைச் செய்தவருக்குத் தெரியாது.

வூஃபருக்கும் மிட்டுக்கும் இடையே 400 ஹெர்ட்ஸ், மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் இடையே 2300 ஹெர்ட்ஸ் என்று குறி வையுங்கள். 2300-இல் அலைநீளம் 152 மி.மீ., நம் மைய தூரம் 116 அதற்குள் அடங்குகிறது. மேலே கீழே சுமார் 40 டிகிரி போனால்தான் பள்ளம் வரும். பாயில் உட்காருபவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். பக்கவாட்டுச் சிக்கலைத் தீர்க்க மேல்-கீழாக அடுக்கினோம், அதன் விலையைத் தரையில் படுத்துப் படம் பார்க்கும் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது.

400-க்கு 12 டெசிபல் சரிவு (அதிர்வெண் எல்லையைத் தாண்டி இரண்டு மடங்கோ பாதியோ ஆகும்போதெல்லாம் ஒலி குறையும் அளவு) போதும். 4 ஓம் வூஃபர் ஜோடிக்கு 3.2 மில்லிஹென்றி காயிலும் 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், 8 ஓம் மிட்டுக்கு 25 மைக்ரோஃபாரட்டும் 6.4 மில்லிஹென்றியும் தொடக்க மதிப்புகள். சீரிஸில் கொடுத்த 8 ஓம் ஜோடி என்றால் வூஃபர் காயில் இரண்டு மடங்கு, கெப்பாசிட்டர் பாதி. இந்தச் சரிவில் மிட்டின் பிளஸ் மைனஸை வூஃபருக்கு எதிராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2300-க்கு நான் மதிப்பு தரவில்லை. அங்கே ஸ்பீக்கரின் இயல்பான சரிவும் சேர்ந்து 24 டெசிபலாக வர வேண்டும், அது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், அளந்துதான் போட வேண்டும்.

கெப்பாசிட்டர் நான்-போலார் வகையாக இருக்கட்டும், ட்வீட்டர் பாதைக்குப் பாலிப்ரொப்பிலீன். சாதாரண பிளஸ்-மைனஸ் எலக்ட்ரோலிட்டிக் போட்டால் கெட்டுப்போகும். வூஃபர் காயிலின் மின்தடை 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும், அதாவது கனத்த தாமிரக் கம்பி. இந்த அளவில் காயில் கிடைக்காவிட்டால் மோட்டார் காயில் கட்டும் கடையில் சுற்றித் தருவார்கள், எல்சிஆர் மீட்டரில் (காயில், கெப்பாசிட்டர் அளக்கும் கருவி) அளந்து சுற்றைக் குறைத்துக்கொள்ளலாம். காயில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் நிற்கக் கூடாது. ஒன்று படுத்திருந்தால் அடுத்தது நிமிர்ந்திருக்கட்டும், இல்லையென்றால் ஒன்றின் காந்தப்புலம் இன்னொன்றில் புகும்.

உதிரிகளுக்கு ரிச்சி தெரு. திருவொற்றியூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் ஏறினால் கவர்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நடக்கலாம். காயிலும் கனக் கம்பியும் வாங்கிக்கொண்டு பைக்கில் சிக்னல் சிக்னலாக நிற்பதற்கு அது மேல்.

ஸ்பீக்கர்களின் பிளஸ் எது என்று சந்தேகம் வந்தால் வூஃபருக்கும் மிட்டுக்கும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

மொட்டை மாடியில் அளப்பது

யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வேண்டும், யூமிக்-1 போல. ஆர்இடபிள்யூ (REW), விட்டுயிக்ஸ்கேட் (VituixCAD) இரண்டும் இலவச மென்பொருள். முதலாவது அளக்க, இரண்டாவது அளந்ததை வைத்துக் கிராஸ்ஓவரைக் கணினியிலேயே வரைந்து பார்க்க. மைக்குக்குச் செலவா என்று யோசிப்பவர்கள் நண்பர்களோடு சேர்ந்து வாங்கலாம், ஸ்பீக்கர் செய்கிற எவருக்கும் மாதம் முழுக்க அது தேவைப்படாது. மைக்கே வேண்டாம் என்றால், ஸ்பீக்கர் மாடல், பாக்ஸ் அளவு, கிராஸ்ஓவர் மூன்றையும் அளந்து சோதித்து வெளியிட்ட வேறொருவரின் வடிவமைப்பை ஒரு மி.மீ. மாற்றாமல் செய்யுங்கள். நடுவழி கிடையாது.

வீட்டுக்குள் அளந்தால் சுவரின் எதிரொலியைத்தான் அளப்பீர்கள். பெயின்டர் ஸ்டூலின்மேல் ஸ்பீக்கரை ஏற்றி, ட்வீட்டர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மைக் அதே உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி 6 மில்லிவிநாடி கழித்துத்தான் வரும், அதற்குமுன் வந்ததை மட்டும் மென்பொருளில் வெட்டி எடுங்கள். 200 ஹெர்ட்ஸுக்கு மேல் அது நம்பகமானது. அதற்குக் கீழே உள்ளதை மைக்கைக் கோனுக்கு ஒட்டி வைத்து அளக்கலாம். தண்ணீர் டேங்கும் கைப்பிடிச் சுவரும் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

கிராஸ்ஓவர் இல்லாமல் வூஃபர் ஜோடி, மிட், ட்வீட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். ட்வீட்டருக்குச் சத்தத்தைக் குறைத்து, 1000 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து தொடங்குங்கள். நேரே ஒன்று, பிறகு சாக்பீஸில் தரையில் கோடு போட்டு ஸ்பீக்கரை 15, 30, 45 டிகிரி திருப்பி ஒவ்வொன்று. கடற்காற்று மைக்கில் அடித்தால் கோடு நடுங்கும், அதனால் காற்று அடங்கிய நேரம் பாருங்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் போகும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அளவீட்டு ஒலி சைரன் மாதிரி அடியிலிருந்து மேலே ஏறும். ராத்திரியில் செய்வதாக இருந்தால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது மேலே ஏறி வருவார்கள்.

விட்டுயிக்ஸ்கேட்டில் பார்க்க வேண்டியது நேரே அளந்த கோடு மட்டும் இல்லை. 30 டிகிரிக் கோடு நேரே அளந்த கோட்டை ஒட்டி, கொஞ்சம் கீழே, அதே வடிவத்தில் இறங்கி வருகிறதா என்று பாருங்கள். நேரே மட்டும் சமமாக இருந்து 30 டிகிரியில் பள்ளம் விழுந்தால் அந்தக் கிராஸ்ஓவரைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு முயலுங்கள். எல்லாம் பொருந்தியதும் ட்வீட்டரின் இணைப்பை மட்டும் தலைகீழாக மாற்றி ஒருமுறை அளங்கள். 2300-இல் ஆழமான குழி விழுந்தால் இணைப்பு சரியாக இருந்தது என்று அர்த்தம், பழையபடி மாற்றிவிடுங்கள்.

வைப்பதும் செட் செய்வதும்

எடை 20 கிலோவை ஒட்டி வரும், பார்ட்டிகிள் போர்டு டிவி ஸ்டாண்ட் நாளடைவில் தொய்யும். ஸ்டாண்டின் விளிம்புக்கு முன்னால் ஒரு விரல்கடை நீட்டியே வையுங்கள், உள்ளே தள்ளினால் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் கரகரப்பாக்கும். சோபாவில் உட்காருபவரின் காது தரையிலிருந்து ஒரு மீட்டர், ட்வீட்டர் 45 செ.மீ., தூரம் 2.7 மீட்டர் என்றால் சாய்வு 11 டிகிரிக்கு மேல் வேண்டும். முன்பக்கம் ஆறு செ.மீ. உயரத்துக்குக் கட்டை வைத்தால் சரியாகும். பாயில் உட்காருபவர்கள்தான் உங்கள் வீட்டில் அதிகம் என்றால் பாதி உயரம் போதும். தரையில் நேரடியாக வைக்கும் யோசனை வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் புகுந்த தெருக்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரிசீவரில் சென்டரை 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். பாக்ஸ் பெரிதாக இருக்கிறதே என்று 'லார்ஜ்' வைத்தால் ஆழமான பேஸும் அதன் தலையில் ஏறும், பேச்சு கலங்கும். தூரத்தை டேப்பில் அளந்து கொடுங்கள், ஓர் அடி பிசகினால் ஒலி சுமார் 0.9 மில்லிவிநாடி மாறும். டெஸ்ட் டோன் போட்டு உட்காரும் இடத்தில் மூன்று முன் ஸ்பீக்கர்களும் 75 டெசிபல் காட்டும்படி சமன் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பேச்சு குறைவாகத் தோன்றினால் சென்டரை ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றுங்கள், குற்றமில்லை. அசெம்பிள் செட் என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு உண்மையிலேயே 5.1 வருகிறதா என்று பாருங்கள். டிவி ஸ்டீரியோவாக அனுப்பினால், போர்டு நடுவுக்கு என்று எதையோ கலந்து கொடுக்கும், அதைக் கேட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாகப் பராமரிப்பு. புதுப் பிளைவுட் கொஞ்சம் இளகும், இரண்டு மாதம் கழித்து ஸ்பீக்கர் திருகுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உப்புக்காற்றில் பின்பக்க டெர்மினல்கள் பச்சை பூக்கும், மழைக்காலம் முடிந்ததும் ஒயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிடுங்கள்.